சிறு கணிப்பலகையும் அதன் உக்கிராணக்காரனும்

உள்ளங்கையிலடங்கும் ஓர் அட்டை. அதன் நடுவே நகத்தளவான ஒரு சில்லு. விளக்கை ஏற்றவும் மோட்டாரை ஓட்டவும் வல்ல இதனை மைக்ரோகண்ட்ரோலர் பலகை என்பர். இதற்குக் கட்டளை எழுதுவோர் நெடுங்காலம் சி என்னும் மொழியையே பெரிதும் கைக்கொண்டனர். அம்மொழியில் நினைவகத்தின் கணக்கு முழுவதும் எழுதுவோன் தலைமேலது. சிறு பிழை நேரினும் பலகை திகைத்து நின்றுவிடும்.

இவ்விடரை நீக்க எழுந்தவற்றுள் ஒன்று மைக்ரோசாப்ட் நிறுவனத்தாரின் டாட் நெட் மைக்ரோ பிரேம்வொர்க். 2010-ல் வெளிவந்த நெட்டூயினோ என்னும் பலகை அதனைக்கொண்டு இயங்கிற்று. அதன் சில்லுக்கு நொடிக்கு 4 கோடியே 80 இலட்சம் துடிப்பு. நினைவகமோ 60 கிலோபைட்டளவே. இச்சிற்றிடத்தில் சி ஷார்ப் மொழி குடியேறியது வியப்பன்றோ! அக்கட்டளைகளைச் சில்லு நேரே அறியாது. இடையே ஒரு மேற்பார்வை நிரல் நின்று ஒவ்வொன்றாய் எடுத்துரைக்கும். வேதாகமத்தில் வரும் உக்கிராணக்காரனைப்போல நினைவகக் கணக்கும் அதன் பொறுப்பே. மைக்ரோ பிரேம்வொர்க் வளர்ச்சியற்று நின்றபின், நானோ பிரேம்வொர்க் அதன் வழித்தோன்றலாய் ஈஎஸ்பி32 முதலிய சில்லுகளில் இயங்கி வருகின்றது.

ஆயினும் உக்கிராணக்காரன் கணக்குப் பார்க்குங்கால் வீட்டுவேலை நிற்கும். பயனற்றவற்றைக் களைந்து அவன் இடம் ஒதுக்குமளவும் நம் கட்டளைகள் காத்திருக்கவேண்டும்; அஃது எப்பொழுது நேரும், எத்துணை நீளும் என முன்னறிதல் அரிது. அன்றியும், மைக்ரோ பிரேம்வொர்க்கில் பல வேலைகள் ஒருங்கே நடப்பின் ஒவ்வொன்றும் 20 மில்லிசெகண்டு முறை பெறும். வெளியிலிருந்து வரும் மின்குறிப்பும் வரிசையில் நின்றே நம்மை அடையும்.

இருபது மில்லிசெகண்டு ஒரு காலமா எனலாம். மண்ணூர்பேட்டையை அடுத்த அம்பத்தூர்த் தொழிற்பேட்டைப் பட்டறையொன்றில் தகடு வெட்டும் பவர் பிரஸ் ஒன்றை நினைமின். தொழிலாளியின் கை நொடிக்கு 2 மீட்டர் விரைவில் உட்செல்லின், அந்நேரத்தில் 4 சென்டிமீட்டர் கடந்துவிடும். அது விரலின் பாதி நீளத்திற்கு மேலாம். ஆகலின் வெட்டிய தகடுகளை எண்ணுதல், எண்ணெயின் வெப்பத்தைக் குறித்தல், கணக்கை அலுவலறைக்கு அனுப்புதல் ஆகியவற்றை இப்பலகைக்குத் தாராளமாய்க் கொடுக்கலாம். பிரஸ்ஸை நிறுத்தும் வேலையைக் கொடுத்தல் ஆகாது. சி மொழியில் எழுதிய சாதாரணப் பலகைக்கும் அது தகாது. கை நுழைவதைக் காணும் ஒளித்திரையும் அவசர நிறுத்தப் பொத்தானும் பாதுகாப்பு ரிலேயின் வழியே, பலகையைத் தொடாத தனிக்கம்பியால் பிரஸ்ஸை நிறுத்துதல் வேண்டும். நின்ற செய்தியை மட்டும் பலகை பின்னர் அறிந்துகொள்ளலாம்.