சுரங்கம் தோண்டினால் மேலே உள்ள வீடு என்ன ஆகும்?

பட்டணங்களில் ரயில் விடுவதற்காக ரோட்டுக்கு அடியில் சுரங்கம் தோண்டுகிறார்கள். மிஷின் மேலே உள்ள வீட்டைத் தொடுவதே இல்லை. ஆனாலும் சில வீடுகளில் சுவர் வெடிக்கிறது. ஏன்?

தோண்டும்போது, தேவையான அளவைவிடக் கொஞ்சம் அதிகமாகவே மண் உள்ளே வந்துவிடும். விட்டம் 6 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பை ஆர் ஸ்கொயர் போட்டால் பரப்பு 28.26 சதுர மீட்டர். அதில் 1 சதவீதம்தான் அதிகம் என்றாலும், ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் சுமார் 280 லிட்டர், அதாவது 20 குடம் மண்! அந்த இடத்தை நிரப்ப மேல்மண் இறங்கும். தரை தாம்பாளம் மாதிரி லேசாகக் குழியும். வீடு மொத்தமும் சமமாக இறங்கினால் பெரிசா ஒண்ணும் ஆகாது. ஒரு மூலை மட்டும் இறங்கினால்தான் விரிசல்.

நானும் தம்பியும் ஈரமணலில் நீள பலூனைப் புதைத்து, மேலே தீப்பெட்டிகளை வைத்துக் காற்றை மெதுவாக விட்டோம். நடுவில் இருந்த பெட்டி நேராக இறங்கியது. ஓரத்தில் இருந்ததுதான் சாய்ந்தது. நீங்களும் செஞ்சு பாருங்க.

தோண்டுவதற்கு முன்பே எந்த வீடு எத்தனை மில்லிமீட்டர் இறங்கும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போடுகிறார்கள். பிறகு சுவர்களில் சின்னக் கண்ணாடிகளைப் பொருத்துகிறார்கள். தானாகத் திரும்பும் ஒரு கருவி இரவும் பகலும் அவற்றைப் பார்த்து அளக்கும். சாய்வை அளக்கத் தனிக் கருவி உண்டு. அளவு எல்லை தாண்டினால் இன்ஜினியருக்கு உடனே தகவல் போகும்.

போனால் மட்டும் போதாது, வேலை நடக்கணும். லண்டனில் 1990களில் வெஸ்ட்மின்ஸ்டர் ஸ்டேஷனுக்காக 39 மீட்டர் ஆழம் தோண்டினார்கள். பக்கத்திலேயே 96 மீட்டர் உயர பிக் பென் கோபுரம். அது சாய ஆரம்பித்தது. முன்கூட்டியே அடியில் பதித்திருந்த குழாய்கள் வழியாக, அளவைப் பார்த்துப் பார்த்து சிமெண்ட் பாலைச் செலுத்தி நிறுத்தினார்கள். 1999இல் ரயில் ஓடியது. கோபுரம் இன்றும் நிற்கிறது.

கல்கத்தாவில் 2019 ஆகஸ்ட் 31 அன்று பவ்பஜார் பகுதியில் சுரங்கத்துக்குள் நிலத்தடி நீர் புகுந்தது. தண்ணீரோடு மண்ணும் போய், பழைய வீடுகள் இடிந்தன. நூற்றுக்கணக்கானோர் வீட்டைவிட்டு வெளியேறினார்கள். இப்படித் திடீரென்று வந்தால் அளக்கும் கருவி என்ன செய்யும், பாவம்! அதனால் முதலிலேயே துளை போட்டு மண்ணையும் நீரையும் சோதிப்பதுதான் பெரிய வேலை என்பது என் கருத்து.

இன்னொன்று. வேலை தொடங்கும் முன்பே வீட்டிலுள்ள விரிசல்களைத் தேதியோடு போட்டோ எடுத்து வைக்கிறார்கள். இல்லாவிட்டால் 'இது பழைய விரிசல்' என்று சொல்லிவிடலாமே! கேமரா இல்லாதவர்கள் விரிசலின் இரண்டு பக்கமும் பென்சிலால் கோடு போட்டு, இடைவெளியை ஸ்கேலால் அளந்து, பக்கத்திலேயே தேதி எழுதி வைக்கலாம்.