குளிர்விக்கும் நீரில் உயிர்க்கொல்லிகளின் சிதைவு

மைசூரை அடுத்த ஹெப்பாள் போன்ற தொழிற்பேட்டைகளில், இயந்திரங்களின் வெப்பத்தை நீக்கும் நீர் குளிர்விக்கும் கோபுரங்கள் வழியே மீண்டும் மீண்டும் சுழற்றப்படுகின்றது. வெதுவெதுப்பும் ஒளியும் காற்றும் ஒருங்கே கிடைப்பதால் அந்நீரில் பாசியும் பாக்டீரியாவும் செழிக்கின்றன. அவை குழாய்களில் வழுவழுப்பான படலமாகப் படிந்து, வெப்பம் கடத்தப்படுவதைத் தடுக்கின்றன. உலோகத்தையும் அரிக்கச் செய்கின்றன. இவற்றை ஒழிக்கவே உயிர்க்கொல்லிகள் சேர்க்கப்படுகின்றன.

உயிர்க்கொல்லி தன் வேலை முடியும்வரை நிலைத்திருத்தல் வேண்டும். வெளியேறும் முன் சிதைந்துவிடவும் வேண்டும். இவ்விரண்டையும் பெரிதும் நிர்ணயிப்பது நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். எண்ணாகும்.

குளோரின் நீரில் கரைந்து ஹைப்போகுளோரஸ் அமிலமாகின்றது. கிருமிகளை விரைந்து கொல்வது இவ்வமிலமே. பி.எச். 7.5 அளவில் இதில் ஏறத்தாழப் பாதி, ஆற்றல் குறைந்த ஹைப்போகுளோரைட் அயனியாக மாறிவிடும், 8.5 அளவில் பத்தில் ஒரு பங்கே அமிலமாக எஞ்சும். சூரிய ஒளியும் வெப்பமும் எஞ்சியதையும் சிதைக்கும். நீரில் அம்மோனியா இருப்பின், குளோரின் வலிமை குன்றிய குளோரமின்களாகிவிடும்.

கடல்நீரில் நிலைமை வேறு. 1984-இல் வணிகமுறை மின் உற்பத்தி தொடங்கிய கல்பாக்கம் அணுமின் நிலையம், வங்கக் கடலின் நீரால் குளிர்விக்கப்படுமாறு அமைக்கப்பட்டது. கடல்நீரில் ஒரு லிட்டருக்குச் சுமார் 65 மில்லிகிராம் புரோமைடு உள்ளது. குளோரின் அதனோடு வினைபுரிந்து ஹைப்போபுரோமஸ் அமிலத்தைத் தருகின்றது. பி.எச். 8-ஐ ஒட்டிய கடல்நீரிலும் இவ்வமிலத்தின் பெரும்பகுதி அயனியாகாமல் நிற்பதால் ஆற்றல் குன்றுவதில்லை.

டைபுரோமோ நைட்ரிலோ புரோப்பியோனமைடு என்னும் கரிம உயிர்க்கொல்லி, நடுநிலையான நீரில் பல மணி நேரம் தாங்கும், பி.எச். 9-இல் வெகு விரைவில் நீராற்பகுப்படையும். ஐசோதயசோலினோன் வகையினவோ எளிதில் சிதைவதில்லை. வெளியேற்றுமுன் சோடியம் பைசல்பைட்டால் அவற்றைச் செயலிழக்கச் செய்யலாம்.

சிதைவு என்பது முற்றும் தீங்கின்மை ஆகாது. கரிமப் பொருள் கலந்த நீரில் குளோரின் குளோரோபாரம் போன்ற சேர்மங்களையும் தோற்றுவிக்கும். ஆகையால், உயிர்க்கொல்லி இட்டவுடன் கோபுரத்தின் வடிகாலை அடைத்துவைத்து, எஞ்சிய அளவைச் சோதித்தறிந்த பின்னரே திறத்தல் முறையாகும். மணம் அடங்கியதை மட்டும் நம்பித் திறந்தால், அந்த நீர் சேரும் ஏரியின் மீன்களே முதற்கண் பாதிப்புறும்.