கை மரத்தால் கழுத்துக்கு ஏன் ஸ்கேன்?

கேள்வி: தோளிலிருந்து கட்டைவிரல் வரை வலி இழுக்கிறது, விரலும் மரத்துப்போகிறது. டாக்டரோ கழுத்துக்கு ஸ்கேன் எழுதியிருக்கிறார். ஏன்?

பதில்: சரியான இடத்தில்தான் தேடுகிறார். கைக்கான நரம்புகள் 5 வேர்களாகக் கிளம்புகின்றன: கழுத்தின் 5, 6, 7, 8-ஆம் நரம்புகள், மார்பின் முதல் நரம்பு. (கழுத்தில் எலும்பு 7தான், நரம்பு மட்டும் 8!) இவை காறையெலும்புக்குப் பின்னால் ஒன்றோடொன்று பின்னி, அக்குள் வழியாகக் கைக்குள் இறங்குகின்றன. 6-ஆம் வேர் நசுங்கினால் பெரும்பாலும் கட்டைவிரல் பக்கம் மரக்கும். 7 என்றால் நடுவிரல். 8 என்றால் சுண்டுவிரல். வலிக்கும் கையைத் தூக்கித் தலைமேல் வைத்தால் வலி தணிகிறதா? அப்படியானால் கழுத்தின் மீது சந்தேகம் வலுக்கும்.

விரலை மட்டும் வைத்து முடிவுகட்டவும் கூடாது. மணிக்கட்டில் நரம்பு நெரிபட்டாலும் கட்டைவிரல் மரக்கும்; அந்தத் தொல்லை இரவில் கூடும், கையை உதறினால் குறையும். சுண்டுவிரல் என்றால் முழங்கையையும் பார்க்க வேண்டும்.

தோளில் தைலம் தேய்ப்பதால் வேரின் நெரிசல் விலகாது. பெரும்பாலோருக்கு அறுவையின்றியே சில வாரங்களில் குறையும். பிடி தளர்ந்து பொருள் நழுவினாலோ, நடை தடுமாறினாலோ காத்திருக்காதீர்கள்; உடனே நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்.