கண்ணாடித் தொட்டியில் ஒரு மீன்கூட்டம்

விளாத்திகுளம் கரிசல் மண் சூழ்ந்த ஊர். வைப்பாற்றை அடுத்து அமைந்தது. ஆண்டின் பெரும்பகுதி ஆறு மணல்வெளியாகவே கிடக்கும். ஐப்பசியில் பருவமழை பெய்தால் ஓடைகள் பெருகும், கண்மாய்கள் நிறையும். அப்போது கரையோர நீரில் கெண்டைக் குஞ்சுகள் திரள் திரளாக ஓடுவதைக் காணலாம். சிறுவர் துண்டை விரித்து ஒன்றைப் பிடித்துச் சீசாவில் இட்டு வீட்டிற்குக் கொண்டு செல்வர். இரண்டொரு நாளில் அது மல்லாந்து மிதக்கும். "சோறு போட்டோமே, ஏன் செத்தது?" என்று வருந்துவர். அக்குஞ்சு பசியால் இறக்கவில்லை. அதற்கு இன்றியமையாத இரண்டு அச்சீசாவில் இல்லை. ஒன்று கூட்டம், மற்றொன்று நல்ல நீர்.

சிறு மீன்களுக்குக் கூட்டமே அரண். பல மீன்கள் ஒருங்கே திரும்பி ஓடும்போது, எதைப் பிடிப்பதென்று அறியாமல் பகைமீன் திகைக்கும். கண்ணாலும், உடலின் இருமருங்கிலும் உள்ள பக்கக்கோடு என்னும் உறுப்பாலும், அவை அடுத்த மீனின் அசைவை உணர்கின்றன. தனித்து விடப்பட்ட மீனோ அஞ்சி மூலையில் ஒதுங்கும், நிறம் மங்கும், இரை எடுக்க மறுக்கும். ஆதலின், இந்திய நீர்நிலைகளில் தோன்றி இன்று உலகெங்கும் வளர்க்கப்படும் வரிக்குதிரை மீன் போன்றவற்றை ஆறுக்குக் குறையாமல் சேர்த்தே வளர்த்தல் வேண்டும். அவை விரைந்து ஓடுபவை. எனவே உயரத்தைவிட நீளம் மிகுந்த தொட்டியே ஏற்றது.

இனி, நீரைப் பற்றிக் காண்போம். மீனின் கழிவிலிருந்தும் எஞ்சிய இரையிலிருந்தும் அம்மோனியா என்னும் நஞ்சு உண்டாகிறது. மணலிலும் கல்லிலும் வாழும் நுண்ணுயிர்கள் அதனை முதலில் நைட்ரைட்டாகவும், பின்னர்த் தீமை குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. புதுத்தொட்டியில் இந்நுண்ணுயிர்கள் பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகலாம். ஆகவே தொட்டி வாங்கிய அன்றே அதனை மீன்களால் நிரப்புதல் தவறு. 1850 ஆம் ஆண்டில், இராபர்ட் வாரிங்டன் என்னும் ஆங்கில வேதியியல் அறிஞர், பொன்மீன்களை நீர்ச்செடியுடனும் நத்தைகளுடனும் ஒரே கலத்தில் வாழவைத்த செய்தியை வெளியிட்டார். செடி உயிர்வளியைத் தந்தது. நத்தைகள் அழுகிய இலைகளைத் தின்றன. இன்றைய வீட்டுத் தொட்டிக்கு அதுவே வழிகாட்டியாயிற்று.

கரிசல் நாட்டில் மேலும் சில கவனங்கள் வேண்டும். இங்குப் பல கிணறுகளின் நீர் உவர்ப்பானது. அதனைத் தொட்டியில் இடலாகாது. குளோரின் கலந்த குழாய் நீரை ஒரு நாள் திறந்து வைத்தபின் பயன்படுத்தலாம். வெப்பம் ஏற ஏற நீரில் கரைந்துள்ள உயிர்வளி குறையும். 20 பாகை வெப்பத்தில் ஒரு லிட்டர் நீர் ஏறத்தாழ 9 மில்லிகிராம் உயிர்வளியைத் தாங்கும். 30 பாகையில் 7.5 மில்லிகிராமே தாங்கும். எனவே சித்திரை வெயில் படும் இடத்தில் தொட்டியை வைத்தல் கூடாது.

வாரந்தோறும் நீரில் கால் பங்கை மாற்றுதல் நன்று. குடிநீருக்குக் குடத்துடன் காத்திருக்கும் ஊரில் இது வீண்செலவன்றோ என்று சிலர் வினவுவர். வீணன்று. எடுத்த நீரில் உள்ள நைட்ரேட்டு செடிகளுக்கு உரம். கொல்லையில் நிற்கும் முருங்கையும் கத்தரியும் அந்நீரால் தழைக்கும்.

தொட்டி சலித்துவிட்டதென்று கடையில் வாங்கிய மீன்களைக் கண்மாயில் விடுவது பெருந்தவறு. ஒரு கண்மாய் மறுகால் பாய்ந்தால் அடுத்த கண்மாய்க்கு நீர் செல்லும். அந்நீருடன் மீனும் செல்லும். தென் அமெரிக்காவைச் சேர்ந்த உறிஞ்சுவாய்க் கெளுத்தி இவ்வாறு தொட்டியிலிருந்து வெளியேறித் தமிழகத்து நீர்நிலைகள் பலவற்றில் பெருகிவிட்டது. நம் ஆறுகளுக்கே உரிய மீன்களோ அருகி வருகின்றன. 1954 இல் சைலஸ் என்னும் அறிஞர் தாமிரபரணியின் பெயரால் உலகிற்கு அறிவித்த அழகிய கெண்டை அவற்றுள் ஒன்று. இத்தகையவற்றை ஆற்றிலிருந்து பிடித்துவந்து தொட்டியில் அடைத்தலும் தகாது.

ஆறு சிறு மீன்கள் கண்ணாடிக்குள் ஒன்றாய்த் திரும்பும் காட்சி கண்ணுக்கு இனிது. வெளியே கண்மாயில் அவற்றின் இனம் வாழ நீரைத் தூய்மையாய் வைத்திருத்தலும் மீன் வளர்ப்போர் கடமையே ஆகும்.