நீரில் நனைந்த கார்ச் சாவியைச் செப்பனிடும் முறை

இன்று நம் சிற்றூர்களிலும் கார் வைத்திருப்போர் பலராவர். நள்ளிரவில் கர்ப்பிணியை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல ஊரில் அந்த ஒரு வண்டியே துணையாவதும் உண்டு. அதன் ரிமோட் சாவி வாய்க்காலிலோ கிணற்றடியிலோ விழுந்து நனையின் என்செய்வது என்பதை உறுப்பினர்களும் விவசாயப் பெருமக்களும் அறிந்திருத்தல் நலம்.

பழுதின் காரணம்

சாவியின் உள்ளே சிறு மின்சுற்றுத் தகடும், அதற்கு மின்சாரம் தரும் காசு வடிவ பேட்டரியும் உள்ளன. பல சாவிகளில் இருப்பது சி.ஆர். 2032 என்னும் 3 வோல்ட் பேட்டரி. நீரைவிட, நீரில் கரைந்துள்ள உப்பே பெரும் பகையாகும். உப்புநீரும் மின்சாரமும் கூடினால் தகட்டின் செம்பு அரிக்கப்பட்டுப் பச்சையாகப் பூத்துவிடும். ஆகவே முதலில் மின்சாரத்தையும், பின்னர் உப்பையும், இறுதியில் ஈரத்தையும் நீக்குதல் வேண்டும். இவ்வரிசை மாறலாகாது.

செய்முறை

1. நனைந்த சாவியின் பொத்தான்களை அழுத்திப் பார்க்கலாகாது. உடனே மூடியைத் திறந்து பேட்டரியை எடுத்துவிடுக. ஒரு தட்டின்மேல் வைத்துத் திறப்பது நன்று. சில சாவிகளில் கண்ணாடிக் குழல் போன்றோ கறுப்புத் துண்டு போன்றோ ஒரு சிறு சில்லு தனியே இருக்கும். அது தொலைந்தால் எஞ்சின் இயங்காது.

2. சேற்றுநீர், உரம் கலந்த வயல்நீர், சோப்பு நீர் ஆகியவற்றில் விழுந்திருப்பின், டிராக்டர் பேட்டரிக்கு ஊற்றும் வடிநீரால் தகட்டை அலசுக. புதிய பல் துலக்கும் பிரஷைக் கொண்டு மெல்லத் தேய்க்கலாம்.

3. பின்னர் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைக்க. இது நீரைத் தன்னுடன் கொண்டு விரைவில் ஆவியாகும். எளிதில் தீப்பற்றுமாதலால் அடுப்பருகே கையாளலாகாது.

4. நிழலில், மின்விசிறிக் காற்றில் ஒரு முழுநாள் உலர்த்துக. நெருப்பில் காட்டுதல் தகாது. அரிசியில் புதைத்து வைக்கும் வழக்கமும் பயனற்றது. அரிசி உப்பை நீக்காது, மாவுத் துகளையே சேர்க்கும்.

5. நன்கு உலர்ந்தபின், கூட்டல் குறி பார்த்துப் புதிய பேட்டரியைப் பொருத்துக.

இதன் பின்னும் வேலை செய்யாவிடின், பேட்டரியைத் தாங்கும் தகடு அரித்திருக்கலாம், ஈயப்பற்று விட்டிருக்கலாம். செல்போன் பழுது பார்ப்போர் இதனைப் பற்றவைத்துத் தருவர். பழைய தகட்டை எறிந்துவிட வேண்டாம். புதிய சாவியை வண்டியின் கணினியில் பதிவு செய்தாக வேண்டுமாதலால் அதற்குச் செலவு மிகுதி.

அவசர வேளையில்

பொத்தான் வேலை செய்யாவிடினும் வண்டி முடங்கிவிடாது. எஞ்சினை இயங்கவிடும் சில்லுக்குப் பேட்டரி தேவையில்லை. சாவித்துளையைச் சுற்றியுள்ள கம்பிச்சுருளிலிருந்தே அது ஆற்றல் பெறுகிறது. சாவியால் கதவைத் திறந்து வழக்கம்போல் எஞ்சினை இயக்கிப் பார்க்கலாம். பொத்தானால் இயங்கும் வண்டியாயின், ரிமோட்டினுள் மறைந்துள்ள உலோகச் சாவியால் கதவைத் திறந்து, ரிமோட்டை அப்பொத்தானை ஒட்டிப் பிடித்து இயக்குக. சில வண்டிகளில் இவ்விடம் வேறுபடும். கையேட்டில் முன்னரே பார்த்து வைத்துக்கொள்வது நலம்.

முக்கிய எச்சரிக்கை

கழற்றிய பேட்டரியைத் திண்ணையில் போட்டுவிடலாகாது. குழந்தை அதனை விழுங்கின், 2 மணி நேரத்திற்குள்ளேயே உணவுக்குழல் வெந்து புண்ணாகக்கூடும். உயிருக்கும் ஆபத்து நேரலாம். வாந்தி எடுக்கச் செய்யாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்க. பழைய பேட்டரியின் இருபுறமும் ஒட்டுநாடா சுற்றி, குழந்தைக்கு எட்டாத இடத்தில் வைத்து, மின்னணுக் கழிவு சேகரிப்போரிடம் ஒப்படைக்க வேண்டும்.

சாவி பழுதானால் பணம் செலவாகும். பேட்டரியில் அசட்டை காட்டினால் உயிரே போகலாம். ஊராட்சி உறுப்பினர்கள் கிராம சபைக் கூட்டங்களில் இவ்விரண்டையும் எடுத்துரைப்பாராயின் ஊருக்குப் பெரிதும் பயன் விளையும்.