முதலில் இடம், பிறகு ரூட்டர்

அன்பு மருமகனுக்கு,

மாமா எழுதுவது. புது வீட்டில் பால் காய்ச்சிக் குடிவந்த செய்தியை அக்கா சொன்னதும் மனம் குளிர்ந்தது. மாடியறைக்கு வைஃபை எட்டாததால் விலை கூடிய ரூட்டர் வாங்கப் போகிறாயாமே. பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடு.

ஃபைபர்காரர்கள் பெட்டியை வாசல் மூலையில் மாட்டிவிட்டுப் போயிருப்பார்கள். அலை நாலாபக்கமும் பரவுவது. மூலையில் இருந்தால் பாதி தெருவுக்குப் போய்விடும். வீட்டின் நடுவில், ஆள் உயரத்தில், திறந்த இடத்தில் வை. டிவிக்குப் பின்னாலும் இரும்பு பீரோ பக்கத்திலும் வேண்டாம். வைஃபையில் இரண்டு அலைவரிசைகள் உண்டு. 2.4 கிகாஹெர்ட்ஸ் தூரம் போகும்; வேகம் குறைவு, அக்கம்பக்கத்து வைஃபைகளின் நெரிசலும் அதில்தான். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது. சுவர் தாண்டினால் சோர்ந்துவிடும்.

நீ வேலை பார்ப்பதே மாடியில்தான். கம்பி கட்டிப் போட்ட கான்கிரீட் தளத்தைத் தாண்டும்போது எவ்வளவு விலை கொடுத்த ரூட்டரின் அலையும் வலுவிழக்கும். எலெக்ட்ரீஷியனை அழைத்து, சுவருக்குள் போகும் பைப் வழியே கேட்-6 கேபிள் இழுத்து, மேலே ஒரு ஆக்சஸ் பாயிண்ட் வை. 100 மீட்டர் வரை அந்தக் கேபிளில் ஜிகாபிட் வேகம் குறையாமல் வரும். மலிவான ரிப்பீட்டர் வேண்டாம்; வாங்கும் அலையிலேயே திருப்பி அனுப்புவதால் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். கேபிள் இழுக்க வழியே இல்லையென்றால் மட்டும், ஒன்றோடொன்று வைஃபையில் பேசிக்கொள்ளும் மெஷ் பெட்டிகள் வாங்கு.

இத்தனைக்குப் பிறகும் ரூட்டர் வேண்டுமென்றால், ஆன்டெனாக்களை எண்ணாதே. அட்டைப்பெட்டியில் ‘ஏசி 1200’ என்று இருப்பது 300, 867 என்ற இரண்டு அலைவரிசை வேகங்களையும் கூட்டி, முழு எண்ணாக உயர்த்திச் சொல்வது. எந்தப் போனுக்கும் அது முழுதாகக் கிடைக்காது. பின்னால் இருக்கும் போர்ட்டுகளைப் பார். அவை 100 எம்பிபிஎஸ் போர்ட்டுகள் என்றால், நீ 200 எம்பிபிஎஸ் திட்டத்துக்குப் பணம் கட்டினாலும் பாதிகூட முழுதாக வராது. ஜிகாபிட் போர்ட், வைஃபை 6 இரண்டும் இருந்தால் உன் வீட்டுக்குப் போதும்.

வைஃபையைப் பூட்டுவதில் மட்டும் சோம்பல் படாதே. ரூட்டரோடு வந்த அட்மின் பாஸ்வேர்டை முதல் நாளே மாற்று. பாதுகாப்பு முறையாக டபிள்யூபிஏ3 இருந்தால் அதைத் தேர்ந்தெடு, இல்லையென்றால் டபிள்யூபிஏ2. பட்டன் அழுத்தி இணைக்கும் டபிள்யூபிஎஸ் வசதியை அணைத்துவிடு. விருந்தாளிகளுக்கும் கேமராவுக்கும் கெஸ்ட் நெட்வொர்க் தனியாகப் போடு. புது ஃபர்ம்வேர் வந்தால் ஏற்றிவிடு. கரண்ட் போனாலும் வேலை நிற்காமலிருக்க, ஃபைபர் பெட்டிக்கும் ரூட்டருக்கும் சேர்த்து, அவற்றின் வோல்ட் பார்த்து மினி யுபிஎஸ் வாங்கு.

இந்த ஞாயிற்றுக்கிழமை பெட்டியை நடுக்கூடத்துக்கு மாற்று, மாடிக்குக் கேபிள் இழு. அதற்குப் பிறகும் குறை இருந்தால் மட்டும் கடைக்குப் போ.

அன்புடன்,
மாமா