கண்டெடுத்த கைபேசியும் நம் கடமையும்

சென்ற ஆண்டு ஒரு மாலைப்பொழுது. பள்ளி விட்டுப் பேருந்தில் வீடு திரும்பிய நாங்கள் மூவரும், இருக்கையின் ஓரத்தில் ஒரு பழைய கைபேசி கிடக்கக் கண்டோம். நடத்துநரிடம் கொடுத்திருக்கலாம். நாமே உரியவரைக் கண்டுபிடிப்போம் என்ற ஆவலில் எடுத்து வந்துவிட்டோம். சார்ஜ் மிகக் குறைவாக இருந்ததால், வீணாகிவிடக் கூடாதென்று அதை அணைத்தும் வைத்தோம்.

மறுநாள் காலை தலைமையாசிரியை சகோதரியிடம் ஒப்படைத்தோம். அவர் அதற்கு சார்ஜ் ஏற்றி இயக்கினார். சிறிது நேரத்தில் அழைப்பு வந்தது. மதியம் ஓர் அம்மா ஓடோடி வந்தார். அவருடைய மகள் பிரசவத்திற்காக மருத்துவமனையில் இருந்தாளாம். மகளின் எண் அந்தக் கைபேசியில் மட்டுமே இருந்தது. அடுத்த வீட்டாரின் கைபேசியிலிருந்து தம் எண்ணை அழைத்த போதெல்லாம் "அணைத்து வைக்கப்பட்டுள்ளது" என்ற பதிலே வந்ததால், திருடர் கையில் அகப்பட்டுவிட்டதென்று இரவெல்லாம் அழுதிருக்கிறார். எங்களை அவர் ஒரு சொல்லும் கடிந்து கொள்ளவில்லை. அதுவே எங்களை மிகவும் வருத்தியது.

நல்ல எண்ணம் மட்டும் போதாது, முறையும் தெரிய வேண்டும் என்று அன்று உணர்ந்தோம். அவற்றைத் தோழியருக்குக் கூற விரும்புகிறோம்.

கண்டெடுத்த கைபேசியை அணைக்கக் கூடாது. சிம் அட்டையைக் கழற்றவும் கூடாது. அது இயங்கினால்தான் உரியவர் அழைக்க முடியும். அது இருக்குமிடத்தைத் தேடி அறியவும் முடியும். சார்ஜ் குறைந்தால் ஏற்ற வேண்டும். பூட்டைத் திறக்க முயல்வதும் பிறர் படங்களைப் பார்ப்பதும் தவறு. பூட்டிய திரையிலேயே "அவசர அழைப்பு" என்னும் பகுதியில் உறவினர் எண் இருக்கக்கூடும். பேருந்தானால் நடத்துநரிடமும், தெருவானால் பெரியோர் துணையுடன் காவல் நிலையத்திலும் ஒப்படைக்கலாம். கேட்டு வருபவர் தம் கையாலேயே பூட்டைத் திறந்து காட்டிய பின்பே கொடுக்க வேண்டும்.

1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 71ஆம் பிரிவில், பிறர் பொருளைக் கண்டெடுத்துத் தன் வசம் வைப்பவருக்கு, நம்பி ஒப்படைக்கப்பட்ட பொருளைக் காப்பவருக்குரிய பொறுப்பே உண்டு என்கிறது. ஆகவே "கீழே கிடந்ததுதானே" என்று சொல்லித் தப்ப இயலாது.

உடையவர்க்கும் கடமை உண்டு. ஒவ்வொரு கைபேசிக்கும் ஐ.எம்.இ.ஐ. என்னும் 15 இலக்க எண் உண்டு. *#06# என்று அழுத்தினால் அது திரையில் தோன்றும். அதை நோட்டில் எழுதி வைப்போம். தொலைந்தால் காவல் நிலையத்தில் புகார் அளித்து, அந்த நகலுடன் மத்திய அரசு 2023 மே மாதம் தொடங்கிய ‘சஞ்சார் சாத்தி’ தளத்தின் வழியே அக்கைபேசியை முடக்கலாம். கிடைத்த பின் முடக்கத்தை நீக்கவும் செய்யலாம். நெருங்கிய இருவரின் எண்களையாவது மனப்பாடம் செய்வோம். அன்று அந்த அம்மாவுக்கு அது ஒன்றே போதுமானதாக இருந்திருக்கும்.

தொலைந்த பொருளுக்காகப் புனித அந்தோணியாரிடம் மன்றாடுவது நம் வீடுகளில் வழக்கம். ஒருவர் அவ்வாறு மன்றாடும் வேளையில், அப்பொருள் நம் கையில் இருக்கக்கூடும். அன்றிரவே அந்த அம்மாவுக்குப் பேத்தி பிறந்திருந்தாள். அந்தச் செய்தியை எங்கள் பள்ளி வராந்தாவில் நின்றுதான் அவர் கேட்டார். இனி எங்கள் கையில் கிடைக்கும் எந்தக் கைபேசியும் ஓரிரவு கூட ஊமையாகக் கிடக்காது.